மூடனுக்குப் பதில் சொல்லலாமா, கூடாதா? விவிலிய ஞான நூல்களை வாசிக்கும் விதம்

நீதிமொழிகள் நூலின் 26ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்து இரண்டு வசனங்கள். "மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே, கொடுத்தால் நீயும் அவனைப் போலாவாய்" என்கிறது நான்காவது. "மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடு, கொடாவிட்டால் அவன் தன் பார்வைக்கு ஞானியாயிருப்பான்" என்கிறது ஐந்தாவது. நடுவில் ஓர் 'ஆனால்' கூடக் கிடையாது. மூன்று அதிகாரம் தள்ளி இருந்தால் தொகுத்தவர் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று சொல்லலாம். தோளோடு தோள் உரச நிற்பதைப் பார்த்தால், தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள்.

இது பழைய யூத அறிஞர்களையே உறுத்தியிருக்கிறது. யூத ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த பாபிலோனியத் தல்மூதில் ஓய்வுநாளைப் பற்றிய பகுதியில் இந்தப் பேச்சு வருகிறது. சொல்வது ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறதே என்று பிரசங்கி என்ற நூலையும் நீதிமொழிகளையும் புழக்கத்திலிருந்து விலக்கிவைக்க நினைத்தார்களாம். அப்புறம் ஒரு சமாதானம் கண்டார்கள். பேச்சு வேதத்தைப் பற்றியது என்றால் மூடனுக்குப் பதில் சொல். வெறும் உலகக் காரியம் என்றால் விட்டுவிடு. கெட்டிக்கார விடைதான். ஆனால் அவ்வளவு சுற்றி வளைக்க அவசியமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சில மூடர்களுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சிலரிடம் வாயைத் திறந்தாலே நமக்குத்தான் நஷ்டம். எதிரே நிற்பவன் எந்த ரகம் என்பதை வசனம் சொல்லாது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஞான நூல்களை அன்றாட வாழ்க்கைக்கு வழிகாட்டியாக எடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். ஒவ்வொரு வசனத்தையும் சட்டம் போலவோ, கடவுள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குறுதி போலவோ வாசிக்கிறார்கள். உண்மையில் இவை பல தலைமுறைகள் கண்ணால் கண்டு, அடிபட்டு, சுருக்கிச் சொல்லிவைத்த பேச்சு. சொல்லும் நேரம் தப்பினால் பேச்சும் தப்பும். இதை அந்த நூலே ஒப்புக்கொள்கிறது: "ஏற்ற சமயத்தில் சொன்ன வார்த்தை வெள்ளித்தட்டில் வைக்கப்பட்ட பொற்பழங்களுக்குச் சமானம்" என்று 25ஆம் அதிகாரம் மெச்சுகிறது. அடுத்த அதிகாரமோ, மூடன் வாயில் வரும் பழமொழி வெறியன் கையில் ஏறிய முள்ளைப் போல என்று எச்சரிக்கிறது. பழமொழி நல்ல பழமொழிதான், வாய்தான் சரியில்லை.

யார் சேர்த்தது, எங்கிருந்து வந்தது

ஞான நூல்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படுபவை நீதிமொழிகள், யோபு, பிரசங்கி ஆகிய மூன்றும். பிரசங்கியைத் திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பில் வாசிப்பவர்கள் சபை உரையாளர் என்று அறிவார்கள். இவற்றோடு சீராக்கின் ஞானம், சாலமோனின் ஞானம் என்னும் இரண்டும் கத்தோலிக்க, கிழக்கத்திய மரபுவழிச் சபைகளின் விவிலியத்தில் உண்டு. சீர்திருத்த சபைகளின் வேதாகமத்திலும் யூதர்களின் எபிரேய மறைநூலிலும் இல்லை.

நீதிமொழிகளின் முதல் வசனம் சாலொமோன் பெயரைச் சொன்னாலும், நூல் முழுவதையும் ஒருவர் உட்கார்ந்து எழுதவில்லை என்பதை அந்த நூலின் தலைப்புகளே காட்டிக்கொடுக்கின்றன. பத்தாம் அதிகாரத்தில் புதிதாக ஒரு தலைப்பு. 22ஆம் அதிகாரத்தின் நடுவில் "ஞானிகளின் வார்த்தைகள்" தொடங்குகின்றன. 25ஆம் அதிகாரம், யூதாவின் ராஜாவாகிய எசேக்கியாவின் ஆட்கள் பெயர்த்து எழுதியவை என்று தொடங்குகிறது. எசேக்கியா ஆண்டது கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி. அதாவது சாலொமோன் காலத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான பின். 30ஆம் அதிகாரம் ஆகூர் என்பவருடையது. 31ஆம் அதிகாரம் லேமுவேல் என்ற ராஜாவுக்கு அவன் தாய் சொன்ன புத்திமதி. அரண்மனை எழுத்தர்களும் வீட்டுப் பெரியவர்களும் ஓர் அரசனின் அம்மாவும் சேர்ந்து கொடுத்த தொகுப்பு இது.

கொஞ்சம் வெளிநாட்டுச் சரக்கும் உண்டு. பழைய எகிப்தில் அமெனெமோபே என்பவர் தன் மகனுக்குச் சொன்னதாக முப்பது அதிகாரங்களில் ஓர் அறிவுரை நூல் இருந்தது. அதன் பாப்பிரஸ் சுருள் 1888இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்து, 1923இல் அச்சானது. மறு ஆண்டே ஜெர்மன் எகிப்தியல் அறிஞர் அடால்ஃப் எர்மான், அதற்கும் நீதிமொழிகள் 22, 23 அதிகாரங்களுக்கும் உள்ள நெருக்கத்தை எடுத்துக் காட்டினார். ஏழையைக் கொள்ளையடிக்காதே, கோபக்காரனோடு சேராதே, பழைய எல்லைக்கல்லை நகர்த்தாதே என்பவை இரண்டிலும் இருக்கின்றன. செல்வம் சிறகு முளைத்துப் பறந்துவிடும் என்பதும் இரண்டிலும் உண்டு. எகிப்தில் அது வாத்தாகப் பறக்கிறது, எபிரேயத்தில் கழுகாகப் பறக்கிறது. கடன் வாங்கியதை எண்ணி அந்த எழுத்தர்கள் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை. நீதிமொழிகளிலும் யோபுவிலும் பிரசங்கியிலும் இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையான கதையோ, மோசே சட்டம் பெற்ற சீனாய் மலையோ வருவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்" என்ற அடித்தளம் இஸ்ரவேலுடையது. அதன் மேல் நின்று பேசும் விஷயங்களோ கடன், தராசு, பக்கத்து வீடு, நாக்கு, சோம்பல், பந்தி. எந்த ஊரிலும் இருப்பவை.

சந்தையும் வழக்கும் அடுத்த வீடும்

இந்த நூலின் கண் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு 20ஆம் அதிகாரத்திலிருந்து ஒன்று: "கொள்ளுகிறவன்: நல்லதல்ல, நல்லதல்ல என்பான், போய்விட்டபின்போ மெச்சிக்கொள்ளுவான்." அவ்வளவுதான். இது பாவம் என்றோ, இப்படிச் செய்யாதே என்றோ ஒரு வார்த்தை கிடையாது. விலையைக் குறைக்கப் பொருளைப் பழிக்கிறவன் தெரு முனை திரும்பியதும் என்ன செய்வான் என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. விற்கிறவன் வாசித்தால் ஒரு பாடம், வாங்குகிறவன் வாசித்தால் வேறொரு பாடம்.

விற்கிறவனுக்கும் உண்டு. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்ற வசனம் நமக்குப் பொதுவான நேர்மை உபதேசம் போலக் கேட்கும். யூதாவில் அன்று நாணயம் புழக்கத்துக்கு வரவில்லை. வெள்ளியை எடை போட்டுத்தான் விலை கொடுத்தார்கள். ஒரு சேக்கல் என்பது சுமார் 11 கிராம் எடை. அந்த எடைக்கான சிறு சுண்ணாம்புக் கற்கள் அகழாய்வுகளில் நிறையக் கிடைத்திருக்கின்றன. வாங்கும்போது ஒரு கல், விற்கும்போது வேறொரு கல் என்று இரண்டு கற்களை மடியில் வைத்திருப்பவன் பொருளில் மட்டும் ஏமாற்றவில்லை, பணத்திலேயே ஏமாற்றுகிறான். எடைக்கல் பொய்யானால் சந்தையே பொய். அருவருப்பு என்ற கடுமையான வார்த்தை ஏன் வந்தது என்பது அப்போது புரிகிறது.

வழக்கைப் பற்றி 18ஆம் அதிகாரத்தில் வரும் வசனத்தை, யாரோ யாரைப் பற்றியோ சொன்னதைக் கேட்டு உடனே கொதித்தெழும் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன்: "தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான், அவன் அயலானோ வந்து அவனைப் பரிசோதிக்கிறான்." முதலில் பேசுகிறவன் பொய்யன் என்று இது சொல்லவில்லை. முதலில் பேசுவதாலேயே அவன் பக்கம் நியாயம் இருப்பது போலத் தெரியும் என்று மட்டும் சொல்கிறது. ஊர்வாசலில் உட்கார்ந்து தகராறுகளைக் கேட்டுத் தீர்த்த பெரியவர்களின் அனுபவம் அது. சண்டையைப் பற்றிய வசனமும் அதே ஆட்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்: "சண்டையின் ஆரம்பம் மதகைத் திறந்துவிடுகிறதுபோலிருக்கும், ஆதலால் விவாதம் எழும்புமுன் அதை விட்டுவிடு." திறக்கும்போது கையளவு நீர்தான், மூடப் போகும்போது கை போதாது.

சிரிக்க வைப்பவையும் உண்டு. அடுத்த வீட்டுக்கு அடிக்கடி போகாதே, சலித்துப்போய் உன்னை வெறுப்பான் என்கிறது 25:17. விடியற்காலையில் எழுந்து உரத்த குரலில் நண்பனை வாழ்த்தினால் அது சாபமாகவே எண்ணப்படும் என்கிறது 27:14. வாழ்த்தில் குற்றமில்லை, நேரத்தில்தான் குற்றம். தூங்குகிறவனின் அருமை தெரிந்த யாரோ எழுதியது.

பிணை: ஒரு விஷயம், இரண்டு குரல்கள்

ஒரே விஷயத்தில் இந்த நூல்கள் எப்படி யோசிக்கின்றன என்று பார்க்க, பிறருடைய கடனுக்கு ஜாமீன் நிற்பதை எடுத்துக்கொள்ளலாம். நீதிமொழிகள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுகிறது. 6, 11, 17, 20, 22, 27 ஆகிய அதிகாரங்களில் வருகிறது. கடன் வாங்குகிறவனும் கொடுக்கிறவனும் இருக்க, மூன்றாமவன் ஒருவன் கையடித்து, இவன் தராவிட்டால் நான் தருகிறேன் என்கிறான். அடித்த கைதான் பத்திரம். இதைச் செய்யாதே என்பதில் நூலுக்குச் சந்தேகமே இல்லை. ஏற்கெனவே செய்துவிட்டாயா? 6ஆம் அதிகாரம் பதறுகிறது: போ, உன்னைத் தாழ்த்தி அவனிடம் கெஞ்சு, கண்ணுக்குத் தூக்கம் வரவிடாதே, வேடன் கையிலிருந்து மான் தப்புவது போலத் தப்பு.

பணம் போவதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்? பணத்தோடு நிற்காது என்பதால். 22:27 சொல்கிறபடி, செலுத்த ஒன்றும் இல்லையென்றால் நீ படுத்திருக்கும் படுக்கையையே எடுத்துக்கொள்வார்கள். 20:16 மேலாடையை எடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. ஏழைக்கு மேலாடையே இரவில் போர்வை. அதனால்தான் அடகு வாங்கிய ஆடையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு என்று யாத்திராகமத்தில் சட்டமே இருக்கிறது. ஆடை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மண்ணிலிருந்து ஒரு சாட்சியும் உண்டு. யாவ்னே-யாம் அருகே 1960இல் கிடைத்த கி.மு. ஏழாம் நூற்றாண்டு மட்பாண்ட ஓட்டில், அறுவடைக் கூலியாள் ஒருவன் அதிகாரிக்கு எழுதிய மனு இருக்கிறது. நான் என் வேலையை முடித்துவிட்டேன், என் ஆடையைப் பறித்துக்கொண்டார்கள், கூட அறுத்தவர்கள் எனக்குச் சாட்சி சொல்வார்கள், வாங்கித் தாருங்கள் என்கிறான். ஓர் ஆடைக்காக மனு. இன்னும் கீழே போனால் பிள்ளைகள்: இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தில் ஒரு விதவையின் இரண்டு மகன்களை அடிமைகளாக்கிக்கொள்ளக் கடன்காரன் வந்து நிற்கிறான். "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்ற 22:7 அலங்காரப் பேச்சாக எழுதப்பட்டதில்லை.

சரி, அப்படியானால் விவிலியத்தின் தீர்ப்பு 'ஜாமீன் நிற்காதே' என்பதுதானா? கி.மு. 180 வாக்கில் எருசலேமில் எழுதிய சீராக், நீதிமொழிகளைக் கரைத்துக் குடித்தவர். அவருடைய நூலின் 29ஆம் அதிகாரத்தில் பிணையைப் பற்றிய பகுதி, நல்லவன் தன் அயலானுக்குப் பிணை நிற்பான் என்று தொடங்குகிறது. உனக்காகப் பிணை நின்றவனின் உதவியை மறவாதே, அவன் தன்னையே உனக்காகக் கொடுத்தான் என்று கடன் வாங்கியவனைப் பார்த்தும் பேசுகிறது. பிறகு மறுபக்கம் திரும்பி, நன்றாக வாழ்ந்த பலரைப் பிணை கவிழ்த்திருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறது. கடைசியில், முடிந்தவரை அயலானுக்கு உதவு, நீயும் விழுந்துவிடாதபடி பார்த்துக்கொள் என்கிறது. எட்டாம் அதிகாரத்தில் ஒரு நடைமுறைக் கணக்கும் இருக்கிறது: உன் சக்திக்கு மேல் பிணை நிற்காதே, நின்றுவிட்டால், கட்டப்போவது நீதான் என்று வைத்துக்கொள்.

எனக்கு இந்தக் கடைசி வாக்கியம் பிடிக்கும். 'அவன் கட்டிவிடுவான்' என்ற நம்பிக்கையில் கையெழுத்துப் போடாமல், 'நான்தான் கட்டப்போகிறேன், அதற்கு என்னால் முடியுமா' என்று கேட்டுக்கொண்டு போடச் சொல்கிறது. முடியும் என்றால் அது உதவி, முடியாது என்றால் சூதாட்டம். நீதிமொழிகள் பயமுறுத்தியதும் வீணில்லை, சீராக் தளர்த்தியதும் தவறில்லை. வாலிபனுக்கு முதல் குரல் வேண்டும். கையில் நாலு காசு சேர்ந்து, சொந்தக்காரன் ஒருவன் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு இரண்டாவது வேண்டும்.

நல்லவன் செழிப்பான் என்ற கணக்கு

உழைத்தால் உயர்வாய், சோம்பினால் வறுமை, நீதிமான் நிலைப்பான், துன்மார்க்கன் அழிவான்: நீதிமொழிகளின் நடுப்பகுதியில் இந்தத் தாளம் ஓயாமல் ஒலிக்கிறது. எறும்பிடம் போய்க் கற்றுக்கொள் என்று சோம்பேறிக்குச் சொல்லும் புகழ்பெற்ற வரியும் இந்தக் கட்சியைச் சேர்ந்ததுதான். இதைப் பிடித்துக்கொண்டு, பணம் இருப்பவன் எல்லாம் கடவுளுக்குப் பிரியமானவன், ஏழை எல்லாம் சோம்பேறி என்று பிரசங்கம் செய்பவர்கள் உண்டு. அவர்கள் 13:23ஐத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏழைகளின் வயல் ஏராளமாய் விளைகிறது, நியாயம் கெட்டுப்போவதால் எல்லாம் வாரிக்கொண்டு போகப்படுகிறது என்கிற வசனம் அது. உழவன் சோம்பவில்லை, விளைச்சலும் குறையவில்லை, ஆனாலும் பட்டினி. "அநியாயத்தோடே வந்த அதிக வருமானத்தைவிட நியாயத்தோடே வந்த கொஞ்ச வருமானம் உத்தமம்" என்ற பாணியில் வரும் வசனங்களும் இப்படித்தான். நல்லவனிடம் கொஞ்சமும் கெட்டவனிடம் அதிகமும் இருப்பதை இவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் இப்படி ஓர் ஒப்பீடே தோன்றியிருக்காது.

ஆனாலும் கணக்கு கணக்காகவே மண்டையில் ஏறிவிடும் ஆபத்து இருக்கிறது. அந்த ஆபத்தைக் கதையாக்கிக் காட்டுவதுதான் யோபு நூல்.

நல்லவனான யோபு தன் பிள்ளைகளையும் செல்வத்தையும் இழந்ததைக் கேள்விப்பட்டு எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் துக்கம் மகா கொடியது என்று கண்டு ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதோடு எழுந்து போயிருந்தால் உலகத்தின் மிகச் சிறந்த ஆறுதல்காரர்கள் என்ற பெயர் கிடைத்திருக்கும். பேசத் தொடங்கினார்கள். பேசியது எல்லாம் நல்ல பழமொழிகள்தான். "துன்மார்க்கனுடைய விளக்கு அணைந்துபோம்" என்கிறான் பில்தாத், 18ஆம் அதிகாரத்தில். நீதிமொழிகள் 13:9இலும் 24:20இலும் இதே பேச்சு இருக்கிறது. பில்தாத் வேதத்துக்கு விரோதமாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. மூன்று அதிகாரம் கழித்து யோபு திருப்பிக் கேட்கிறான்: துன்மார்க்கனுடைய விளக்கு எத்தனை தரம் அணைந்திருக்கிறது? எண்ணிச் சொல்லுங்கள் பார்க்கலாம் என்பது போல. அவர்கள் கிழவர்களாகும்வரை வாழ்கிறார்கள், பிள்ளைகள் துள்ளி விளையாடுகிறார்கள், மாடு கன்று போடுகிறது, கடைசியில் நிம்மதியாகச் செத்துப்போகிறார்கள் என்று அடுக்குகிறான்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண வாழ்க்கை உண்மை இருக்கிறது. நல்ல காலத்தில் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள உதவும் வசனம், கெட்ட காலத்தில் இன்னொருவனிடம் சொல்லும்போது குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. விதைத்ததைத்தான் அறுப்பாய் என்று விதைக்கிறவனிடம் சொல்வது எச்சரிக்கை. பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்தவனிடம் சொன்னால் அதற்கு வேறு பெயர். யோபுவின் பதிலில் மரியாதை எல்லாம் போய்விடுகிறது: நீங்கள் எல்லாரும் காரியத்துக்கு உதவாத வைத்தியர்கள், உங்கள் முதுமொழிகள் சாம்பல், நீங்கள் பேசாமலிருந்தால் அதுவே உங்களுக்கு ஞானம். நூலின் முடிவில் கடவுள் கோபப்படுவது முறையிட்டுக் கத்திய யோபுவின் மேல் இல்லை. கடவுள் பக்கம் நின்று வாதாடியதாக நினைத்துக்கொண்டிருந்த எலிப்பாஸ் மேலும் அவன் இரண்டு நண்பர்கள் மேலும்தான். துக்க வீட்டுக்குப் போகும் முன் வாசிக்க வேண்டிய நூல் இது. துக்கப்படுகிறவர்களை விட, போய்ப் பார்க்கிறவர்கள்.

முடிவில் யோபுவுக்கு ஆடும் ஒட்டகமும் இரண்டு மடங்காகத் திரும்பி வருவது பலருக்கு நெருடும். எனக்கும்தான். இவ்வளவு தூரம் கணக்கை உடைத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் அதே கணக்கை ஒட்டவைத்தது போல இருக்கிறது. ஆனால் 38 முதல் 41 வரையிலான அதிகாரங்களில் கடவுள் பேசும் நீண்ட பேச்சில், உன் துன்பத்துக்குக் காரணம் இன்னது என்று ஒரு வரி கூட இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. காரணம் கேட்டவனுக்குக் காரணம் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

பிரசங்கியின் சலிப்பும் சமயோசிதமும்

பிரசங்கி வேறு மாதிரி ஆள். யோபு கத்துகிறான், இவர் தோளைக் குலுக்குகிறார். தாவீதின் குமாரன், எருசலேமின் ராஜா என்ற வேடத்தில் பேசினாலும், நூலின் எபிரேய நடையையும் அதில் கலந்திருக்கும் பாரசீகச் சொற்களையும் பார்த்து, பாரசீக ஆட்சிக்காலத்திலோ அதற்குச் சற்றுப் பின்போ எழுதப்பட்டது என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். "மாயை, மாயை, எல்லாம் மாயை" என்ற வரியால் இவருக்கு அவநம்பிக்கைவாதி என்ற பட்டம் கிடைத்துவிட்டது. முழுக்க வாசித்தால் அந்தப் பட்டம் ஒட்டாது. வேகமுள்ளவன் ஓட்டத்தில் ஜெயிப்பதும், அறிவுள்ளவனுக்குச் செல்வம் சேர்வதும் நிச்சயமில்லை, எல்லாருக்கும் காலமும் எதிர்பாராத நேரமும் குறுக்கே வரும் என்கிறார் ஒன்பதாம் அதிகாரத்தில். அதே அதிகாரத்தில் ஒரு குட்டிக் கதை: சின்னப் பட்டணம், முற்றுகையிட்ட பெரிய ராஜா, தன் ஞானத்தால் பட்டணத்தைக் காப்பாற்றிய ஓர் ஏழை. கதை முடிந்ததும் அந்த ஏழையை ஒருவரும் நினைக்கவில்லை. திறமைக்குப் பலன் உடனே வந்துவிடும் என்று நம்பிக் காத்திருக்கிறவர்களுக்கு இதைவிட நேர்மையான வழிகாட்டி கிடைப்பது கஷ்டம்.

நிச்சயமில்லை என்பதால் சும்மா இரு என்று அவர் சொல்வதில்லை. "காற்றைக் கவனிக்கிறவன் விதைக்கமாட்டான்; மேகங்களை நோக்குகிறவன் அறுக்கமாட்டான்." எல்லாம் கூடிவரட்டும் என்று காத்திருப்பவனுக்கு எல்லாம் ஒருநாளும் கூடிவராது. அதனால் காலையில் விதை, மாலையிலும் கையை நெகிழவிடாதே; இதுவா அதுவா, எது வாய்க்கும் என்று உனக்குத் தெரியாது. இருப்பதை ஏழு பேருக்கும் எட்டுப் பேருக்கும் பங்கிடு, பூமியில் என்ன ஆபத்து வரும் என்று தெரியாது. இந்தப் பங்கீட்டைத் தர்மம் என்று வாசிப்பவர்கள் உண்டு. கடல் வாணிகத்தில் முதலைப் பல கப்பல்களில் பிரித்துப் போடுவது என்று வாசிப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் பொருந்துகிறது. மழுங்கிய இரும்பைத் தீட்டாமல் வெட்டினால் பலம்தான் அதிகம் செலவாகும் என்பதும் இவருடையதுதான். உலகமே மாயை என்கிறவர் ஆயுதத்தைத் தீட்டிக்கொள்ளச் சொல்கிறார்.

ஏழாம் அதிகாரத்தின் 21, 22 வசனங்கள் இன்னும் நெருக்கமானவை. சொல்லப்படும் எல்லா வார்த்தைகளையும் கவனித்துக்கொண்டிராதே. உன் வேலைக்காரனே உன்னைத் திட்டுவது காதில் விழும். நீயும் பிறரைப் பலமுறை திட்டியிருக்கிறாய் என்று உன் மனசுக்குத் தெரியுமே. பின்னால் யார் என்ன பேசினார்கள் என்று துருவிக்கொண்டிருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மன்னித்துவிடு என்று உபதேசம் கூடச் செய்யவில்லை. நீ மட்டும் யோக்கியமா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

தொண்டையில் சிக்குபவை

எல்லாவற்றையும் அப்படியே விழுங்க முடியாது. பிரம்பைக் கையாடாதவன் மகனைப் பகைக்கிறான் என்ற 13:24உம், பிரம்பால் அடித்தால் பிள்ளை சாகமாட்டான் என்ற 23ஆம் அதிகாரத்துப் பேச்சும் வீடுகளிலும் பள்ளிகளிலும் நிறையக் காயங்களுக்குச் சாக்காகியிருக்கின்றன. இது அந்தக் காலத்துக் கல்விமுறையின் பொதுக் குரல். நைல் நதியின் எலிபண்டைன் தீவில் கிடைத்த, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின், அகிகார் என்ற ஞானியின் பேச்சுகள் அடங்கிய பாப்பிரஸிலும் ஏறத்தாழ இதே வார்த்தைகள் வருகின்றன. பையனின் காது அவன் முதுகில் இருக்கிறது, அடித்தால்தான் கேட்பான் என்று எகிப்திய எழுத்தர் பள்ளியில் சொன்னார்கள். நீதிமொழிகளுக்கு உள்ளேயே இதற்கு எதிர்க்குரல் ஒன்று உண்டு: மூடனை நூறடி அடிப்பதைவிட, புத்தியுள்ளவனை வாயால் கண்டிப்பது அதிகமாக உறைக்கும் என்கிறது 17:10. பிரம்பைப் பிடித்துக்கொள்பவர்கள் ஏனோ இதை மேற்கோள் காட்டுவதில்லை.

பெண்களைப் பற்றியும் அப்படித்தான். வாலிபர்களுக்காக ஆண்கள் தொகுத்த நூல். சண்டைக்கார மனைவி அடைமழை நாளின் ஓயாத ஒழுக்கு என்பார்கள், சண்டைக்காரக் கணவனைப் பற்றி அந்த உவமை வராது. சீராக் இன்னும் மோசம். 42ஆம் அதிகாரத்தில் அவர் பெண்களைப் பற்றிச் சொல்வதை இங்கே எடுத்து எழுத மனமில்லை. ஆனால் நீதிமொழிகளின் கடைசிக் கவிதையில் வரும் பெண் வயலை விசாரித்து வாங்குகிறாள், தன் கைச் சம்பாத்தியத்தில் திராட்சத்தோட்டம் நடுகிறாள், ஆடை நெய்து வியாபாரியிடம் விற்கிறாள். எபிரேய அகரவரிசையின் 22 எழுத்துகளில் ஒவ்வொன்றாகத் தொடங்கும் 22 வசனங்கள் அவளுக்கு. கல்யாண வீடுகளில் 'குணசாலியான ஸ்திரீ' என்று வாசிக்கும்போது அடக்கமும் பணிவும்தான் பேசப்படும். வயல் வாங்கிய வசனத்தைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுவார்கள்.

சீராக்குக்கும் நியாயம் செய்துவிட வேண்டும். 38ஆம் அதிகாரத்தில் வைத்தியரைப் பற்றி அவர் எழுதியது இன்றைக்கும் பலருக்குத் தேவை. கடவுள் மண்ணிலிருந்து மருந்துகளைப் படைத்தார், விவேகமுள்ளவன் அவற்றை அலட்சியம் செய்யமாட்டான் என்கிறார். நோயில் கடவுளிடம் மன்றாடு, பிறகு வைத்தியருக்கும் இடம் கொடு, அவரும் உனக்குத் தேவை என்கிறார். இதைவிடப் பழைய மரபில் யூதாவின் ஆசா ராஜா கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடினான் என்று குறை சொல்லியிருக்கும் பின்னணியில், இது துணிச்சலான பேச்சு. ஜெபமா மருந்தா என்ற சண்டையை இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் 'இரண்டும்' என்று முடித்துவைத்திருக்கிறார்.

வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருப்பதால் தேதிக்கு ஒன்றாக மாதம் முழுக்க வாசிப்பது பலருடைய வழக்கம். முதல் ஒன்பது அதிகாரங்களுக்கு அது சரிப்படும், அவை நீண்ட பேச்சுகள். பத்திலிருந்து ஒவ்வொரு வசனமும் தனிச் சரக்கு. 15ஆம் அதிகாரத்தில் மட்டும் 33 வசனங்கள். ஒரே மூச்சில் படித்தால் ஒன்றும் ஒட்டாது. அன்றைக்கு நடந்த ஏதாவது ஒரு பேச்சோ பேரமோ சண்டையோ மனதில் இருக்கும்போது, அதற்குப் பொருந்தும் ஒன்றையும் அதோடு மோதும் ஒன்றையும் தேடி எடுத்துப் பார்ப்பது நல்லது. 25 முதல் 27 வரை இதற்கு வசதியான இடம். அங்கே பழகிவிட்டால் பிரசங்கிக்குப் போகலாம், பன்னிரண்டே அதிகாரங்கள். யோபுவுக்குப் போகும்போது நண்பர்களின் பேச்சை வேகமாகத் தள்ளிவிடாமல் நிதானமாகப் படியுங்கள். அவர்கள் பேசுவது பெரும்பாலும் நாம் பேசுவதுதான்.